சிறுநீர் தாராளமாகப் போகிறது, கிரியேட்டினின் மட்டும் ஏறுகிறது: சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. நாக்குப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது கதிர்வீச்சோடு சேர்த்து வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோ, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 40 மி.கி. கணக்கில் ஏற்றுகிறார்கள். நான்கு முடிந்தது. ஐந்தாவதுக்கு முந்தைய நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 0.9-இலிருந்து 1.6 ஆகிவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். எடையும் 52 கிலோவிலிருந்து 48-க்கு இறங்கிவிட்டது. ஆனால் சிறுநீர் தினமும் இரண்டு லிட்டர் போகிறது. அப்படியிருக்க கிட்னி எப்படிக் கெடும்? கார்போபிளாட்டினுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? பழைய நிலைக்குத் திரும்புமா?

பதில்:

சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதை வைத்து சிஸ்பிளாட்டின் பாதிப்பைக் கணிக்கவே முடியாது. இந்த மருந்து எடுக்கும் பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் 178 லிட்டரை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன, வெளியே வருவது 2 லிட்டர். இப்போது வடிகட்டுவது பாதியாகக் குறைந்து 90 லிட்டர் ஆகிறது, உறிஞ்சும் குழல்களும் அடிபட்டு 88 லிட்டரைத்தான் திரும்ப எடுக்கின்றன என்று வையுங்கள். அப்போதும் வெளியே வருவது அதே 2 லிட்டர்தான். அளவு மாறவில்லை, ஆனால் கழிவை வெளியேற்றும் திறன் பாதி போய்விட்டது. சிஸ்பிளாட்டின் முதலில் அடிப்பது வடிகட்டியை அல்ல, இந்தக் குழல்களை. அதனால்தான் சிறுநீர் குறையாமலே கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது. சிலருக்குச் சிறுநீர் அதிகமாகக்கூடப் போகும். அது நல்ல அறிகுறி இல்லை, நீரைச் செறிவாக்கும் சக்தியைச் சிறுநீரகம் இழந்துவிட்டது என்று பொருள்.

குழல்கள் ஏன் குறிப்பாக அடிபடுகின்றன? சிஸ்பிளாட்டின் மூலக்கூறின் நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, அதோடு ஒட்டிய இரண்டு குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு அதிகம் (லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல்) என்பதால் அங்கே அந்த மூலக்கூறு பெரும்பாலும் சாதுவாக இருக்கும். செல்லுக்குள் குளோரைடு மிகக் குறைவு. உள்ளே போனதும் குளோரைடு கழன்று, அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டிக்கொள்ள, மூலக்கூறு வீரியம் பெற்று டிஎன்ஏ-வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் பிடித்துக்கொள்கிறது. புற்றுச் செல்லைக் கொல்வதும் இதே வேலையால்தான். சிறுநீரகத்தின் முன்குழல் (நுண்குழலின் முதல் பகுதி) செல்களில், ரத்தம் இருக்கும் பக்கத்தில், ஓசிடி2 என்றொரு கடத்தி இருக்கிறது. உடலின் கழிவுகளை ரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீருக்குத் தள்ளுவது அதன் அன்றாட வேலை. அது சிஸ்பிளாட்டினையும் கழிவு என்று எடுத்து உள்ளே இழுத்துப் போடுகிறது. இதனால் குழல் செல்களில் மருந்தின் செறிவு ரத்தத்தில் இருப்பதைப்போலச் சுமார் ஐந்து மடங்குவரை ஏறிவிடுகிறது. போதாததற்கு, மருந்தைச் செயலிழக்கச் செய்ய செல் அதோடு குளுட்டாதயோனை ஒட்டுகிறது. சிறுநீரக நொதிகள் அதையே வெட்டி இன்னும் நச்சான பொருளாக மாற்றிவிடுகின்றன. முன்குழலின் கடைசிப் பகுதியில் சாதாரண நாளிலேயே ஆக்சிஜன் பற்றாக்குறை உண்டு. முதலில் சாவது அங்குள்ள செல்கள்.

இந்த மருந்தின் கதையே சிறுநீரகத்தால் பாதியில் முடிந்திருக்கும். அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க் 1965-இல் பிளாட்டினத்துக்கு செல் பிரிவதைத் தடுக்கும் தன்மை இருப்பதை பாக்டீரியாவில் தற்செயலாகக் கண்டார். 1970-களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலருக்குச் சிறுநீரகம் போய், மருந்தையே கைவிடும் நிலை வந்தது. நிறைய சலைன் ஏற்றி, சிறுநீரைப் பெருக்கும் மேனிடால் கொடுத்து, சிறுநீரை வேகமாக ஓடவிட்டால் தாங்கும் என்று நியூயார்க் ஸ்லோன்-கெட்டரிங் மருத்துவர்கள் காட்டிய பிறகுதான் 1978-இல் அனுமதி கிடைத்தது. உங்கள் அப்பாவுக்குக் கீமோ நாளன்று இரண்டு பாட்டில் சலைன் போவதன் பின்னணி இதுதான். அப்படி ஏற்றியும் நூற்றில் 20 முதல் 30 பேருக்கு ஏதோ ஓர் அளவு பாதிப்பு வருகிறது.

இனி அப்பாவின் எண்களுக்கு வருவோம். 0.9-இலிருந்து 1.6 என்றால் 1.8 மடங்கு. முந்தைய அளவைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். இரண்டு மடங்கைத் தொடாதவரை அது முதல் நிலை. ஆகவே டோசை நிறுத்தியது சரியான முடிவு. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்று கணிக்கும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்பாவுக்கு 79 × 52 ÷ 64.8, சுமார் 63 மி.லி. இப்போது 79 × 48 ÷ 115.2, சுமார் 33. கிரியேட்டினின் இன்னும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது இந்த எண் துல்லியமில்லை. ஏறும் கட்டத்தில் உண்மை நிலை இதைவிட மோசமாக இருக்கும்.

ஆரம்ப எண்ணைக் கவனித்தீர்களா? 0.9 என்று லேப் தாளில் 'நார்மல்' என்றிருந்தபோதே அவர் வெறும் 63-இல்தான் இருந்தார். பொதுவாக 50, 60-க்குக் கீழே சிஸ்பிளாட்டின் தொடங்கத் தயங்குவார்கள். மெலிந்த உடலில் தசை குறைவு, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது, எனவே எண் அழகாகவே இருக்கும். 58 வயது, 45 கிலோ உள்ள ஓர் அம்மாவுக்கு அதே 0.9 வந்தால் கணக்கு 48-தான். வாய்ப் புற்றுநோய்க்காரர்கள் பல மாதம் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தே வருகிறார்கள். அவர்களுக்குக் கிரியேட்டினினை மட்டும் பார்த்து டோஸ் முடிவு செய்வது ஆபத்து.

இந்த வாரம் என்ன பார்க்க வேண்டும்? கிரியேட்டினின், யூரியா, சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பல லேப்களில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று எழுதினால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் மட்டும்தான் வரும். மெக்னீசியத்தைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் 20 புள்ளி இறங்கினால் உடலில் உப்பும் நீரும் வற்றியிருக்கிறது. நான்கு வாரத்தில் 4 கிலோ குறைந்ததில் ஒரு பங்கு நிச்சயம் நீர்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. ஏறியிருக்கும் கிரியேட்டினினில் எவ்வளவு மருந்தின் நச்சால், எவ்வளவு வறட்சியால் என்று பிரிக்க வேண்டும். வறட்சியின் பங்கு இரண்டு மூன்று நாள் சலைனில் இறங்கிவிடும். கதிர்வீச்சின் மூன்றாம், நான்காம் வாரத்தில் வாய்ப்புண் உச்சத்துக்குப் போகும், எச்சில் விழுங்கவே எரியும், குடிப்பது நின்றுவிடும். சிஸ்பிளாட்டின் அடியும் வறட்சியும் ஒன்றாகச் சேர்வது சரியாக இந்த வாரங்களில்தான். மருத்துவமனையில் ஏற்றும் டிரிப் அன்றைய நாளைப் பார்த்துக்கொள்ளும். மருந்தின் வேலை சிறுநீரகத்தில் வெளியே தெரிவதோ மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை. அப்போது அவர் இருப்பது வீட்டில்.

ஆகவே விழுங்க முடியாவிட்டால் மூக்குக்குழாய் வைக்கத் தயங்காதீர்கள். 'குழாய் போட்டால் கடைசிக் கட்டம்' என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. இங்கே அது சில வார ஏற்பாடு மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 முதல் 250 மி.லி., கஞ்சி, பால், மோர், தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர். இதய நோய் இருந்தால் இந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீராகவே கொடுக்காதீர்கள். அடிபட்ட குழல்கள் சோடியத்தையும் விட்டுவிடும், அதன் மேல் வெறும் தண்ணீர் போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்து குழப்பம், தூக்கக் கலக்கம் வரும். ஓ.ஆர்.எஸ். நல்லது, ஆனால் பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காமல் அதில் போட்டிருக்கும்படி முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். இளநீரைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிஸ்பிளாட்டினால் பெரும்பாலும் பொட்டாசியம் குறையும், அப்போது இளநீர் தோதானது. வடிகட்டும் வேகம் 30-க்குப் பக்கத்தில் இருக்கும்போது சிலருக்குப் பொட்டாசியம் ஏறவும் செய்யும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பாருங்கள். இரண்டு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் அன்றே போய் சலைன் ஏற்றிக்கொள்வது நல்லது.

மெக்னீசியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் விட்டுப்போவது இதுதான். பின்குழலில் மெக்னீசியத்தைத் திரும்ப எடுக்கும் வாயில்களை சிஸ்பிளாட்டின் கெடுத்துவிடுகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எப்போதாவது அது குறைகிறது, சிலருக்கு மருந்து நின்ற பிறகும் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டே இருக்கும். மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசியம் சிறுநீரில் கசியும், கால்சியத்தைக் காக்கும் ஹார்மோனும் மந்தமாகும். பொட்டாசியம் சிரப் எவ்வளவு கொடுத்தாலும் ஏறவில்லை என்றால் அடியில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியக் குறைவுதான். அதை நிரப்பாமல் இதை நிரப்ப முடியாது. கெண்டைக்கால் பிடிப்பு, விரல் மதமதப்பு, கை நடுக்கம், படபடப்பு, மோசமானால் வலிப்பு என்று காட்டும். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டக்கூடியது. மெக்னீசியமும் பொட்டாசியமும் குறைந்த உடலில் அது போனால் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. ஓர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது வீண் செலவல்ல.

இன்னொன்று: மெக்னீசியம் குறைவாக இருந்தால் ஓசிடி2 கடத்தி பெருகி, சிறுநீரகம் இன்னும் அதிகமாக மருந்தை இழுத்துக்கொள்கிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதிப்பு மெக்னீசியத்தைக் குறைக்கிறது, அந்தக் குறைவு அடுத்த பாதிப்பைப் பெருக்குகிறது. இதனால்தான் ஒவ்வொரு சிஸ்பிளாட்டினோடும் சலைனில் 1 முதல் 2 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட் சேர்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. ஐம்பது சதவீத ஆம்பூலில் 2 மி.லி. ஒரு கிராம். மெதுவாக, மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். அப்பாவுக்கு இப்போது வடிகட்டும் வேகம் குறைந்திருப்பதால் அளவைப் பாதியாக்கி, மறுநாள் பரிசோதித்துப் பிறகு தொடர்வார்கள். மாத்திரையாகக் கொடுத்தால் பேதி வரும். பேதி வந்தால் மறுபடி வறட்சி.

மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். வாய்ப்புண் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தருவது பெரும்பாலும் அசெக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. 'பாராசிட்டமால்தானே' என்று போட்டுக்கொண்டிருப்பார்கள். அசெக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபென், கீட்டோரோலாக் எதுவும் கூடாது, ஊசியாகவும் கூடாது. இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கும். தனி பாராசிட்டமால், லிக்னோகெய்ன் ஜெல், உப்பும் சோடாவும் கலந்த கொப்பளிப்பு இவற்றால் தாங்காவிட்டால் ஃபென்டனைல் பட்டை (தோலில் ஒட்டும் வலி மருந்து) ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மார்ஃபின் கொடுத்தால் அதன் கழிவு இந்த நிலையில் உடலில் தேங்கும், எனவே அளவு குறைத்து இடைவெளி கூட்ட வேண்டும். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், நீர் மாத்திரை போன்ற பிபி மருந்துகள் இருந்தால் வாந்தி, வறட்சி உள்ள நாட்களில் நிறுத்தலாமா என்று இன்றே கேளுங்கள். மெட்ஃபார்மினை வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழே போனால் நிறுத்தியாக வேண்டும். காய்ச்சல் வந்தால் அமிகாசின், ஜென்டாமைசின் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் அடிக்கும் குழலையும் காதையும்தான் அவையும் அடிக்கும். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுப்பது அவசரமில்லையென்றால் தள்ளிவைக்கலாம்.

நாட்டு மருந்தும் பட்டியலில் உண்டு. ஆடுதின்னாப்பாளையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது, அது சிறுநீரகக் குழலை நேரடியாகச் சாகடிப்பது. பிலிம்பிக்காய்ச் சாற்றின் ஆக்ஸலேட் நல்ல சிறுநீரகத்தையே முடக்கியிருக்கிறது. 'கிட்னிக்கு நல்லது' என்று அன்போடு யார் கொண்டுவந்தாலும் இப்போது வேண்டாம்.

அடுத்து கார்போபிளாட்டின். ஓசிடி2 அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, ஆகவே சிறுநீரகத்துக்கு மிகவும் சாது. ஆனால் அது வெளியேறும் வழி சிறுநீரகம்தான். சிறுநீரகம் மந்தமாக இருக்கும்போது பழைய கணக்கில் கொடுத்தால் மருந்து உடலில் தங்கி, பிளேட்லெட்டும் வெள்ளையணுவும் சரியும். இதற்காகவே 1989-இல் கால்வெர்ட் சூத்திரம் வந்தது: வேண்டிய ஏ.யூ.சி. (மருந்து உடலில் எவ்வளவு செறிவில், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதன் மொத்த அளவு) இலக்கை, வடிகட்டும் வேகத்தோடு 25 கூட்டி வந்த எண்ணால் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும். வாராந்திரமாக ஏ.யூ.சி. 2 என்று வைத்தால் இன்றைய 33-க்கு 2 × 58, அதாவது 116 மி.கி. சிறுநீரகம் 60-க்குத் திரும்பினால் 170. எண் நிலைத்த பிறகே கணக்குப் போட வேண்டும் என்பது இதனால்தான். சிஸ்பிளாட்டினும் கார்போபிளாட்டினும் பெயரில் ஒத்தவை, அளவில் வெகு தூரம். அப்பாவின் உடலுக்கு சிஸ்பிளாட்டின் ஒரு டோஸ் சுமார் 60 மி.கி.தான். மருந்து மாறும் நாளில் பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயரையும் அளவையும் நீங்களும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், நர்ஸ் தவறாக நினைக்கமாட்டார்.

சிஸ்பிளாட்டின் ஒத்துவராதவர்களுக்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை டோசிடாக்செல் என்ற வேறொரு கீமோ மருந்தை, சதுர மீட்டருக்கு 15 மி.கி. கொடுப்பது பலன் தருகிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அது சிறுநீரகத்தைச் சார்ந்து வெளியேறுவதில்லை என்பதால் அப்பாவின் நிலைக்கு கார்போபிளாட்டினைவிட இதைத்தான் முதலில் விவாதிக்கச் சொல்வேன். வாய்ப்புண் மட்டும் இன்னும் கூடலாம்.

அதோடு இதையும் மனதில் வையுங்கள். கதிர்வீச்சோடு கொடுக்கும்போது மொத்தம் 200 மி.கி. (சதுர மீட்டருக்கு) எட்டினால் போதுமான அளவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா 160 முடித்துவிட்டார். ஐந்தாவது டோஸ் தள்ளிப்போவது சிகிச்சை தோற்றுவிட்டது என்பதல்ல. கதிர்வீச்சு நாட்களைத் தவறவிடுவதுதான் உண்மையான இழப்பு. கீமோ நின்றாலும் கதிர்வீச்சு ஒரு நாளும் நிற்காதபடி பாருங்கள். கிரியேட்டினின் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்து, கணக்கு 50-ஐத் தாண்டினால் மட்டுமே அந்த ஐந்தாவது டோசைப் பற்றிப் பேசலாம்.

இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்குச் சில வரிகள். மருந்துக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் 2 லிட்டர் சலைன், அதில் 20 மில்லிஈக்விவலன்ட் (mEq) பொட்டாசியமும் மேற்சொன்ன மெக்னீசியமும், சிறுநீர் மணிக்கு 100 மி.லி. ஓடும்படி. மேனிடால் எல்லாருக்கும் தேவையில்லை, சதுர மீட்டருக்கு 100 மி.கி. போன்ற பெரிய டோசுக்குச் சேர்ப்பார்கள். 'சிறுநீர் நன்றாகப் போகட்டும்' என்று லாசிக்ஸ் போடுவது பாதுகாப்பு தருவதில்லை, வறட்சியைத்தான் கூட்டும். வாந்தியை முதல் நாளே நான்கு மருந்தால் கட்ட வேண்டும்: அப்ரெபிட்டன்ட் வகை, ஆன்டான்செட்ரான் வகை, டெக்சாமெத்தசோன், இரவில் ஓலன்சபின். சிஸ்பிளாட்டின் வாந்தி இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மறுபடி கிளம்பும், மாத்திரையை முதல் நாளோடு நிறுத்திவிடக்கூடாது. சர்க்கரை நோயாளிக்கு டெக்சாமெத்தசோனால் சர்க்கரை ஏறினால் சிறுநீர் நிறையப் போய் அதிலும் வறட்சி வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திட்டத்தில் இருப்பவர்கள் இருபதாம் நாளில் மட்டும் ரத்தம் கொடுத்தால் நடுவில் வந்துபோன பாதிப்பு கண்ணில் படாது. ஏழெட்டாம் நாளிலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் நிலையில் பிடித்து, வறட்சியைத் தீர்த்து, வேறு அடி விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கணிசமாக இறங்கும். 1.6 ஒரு வாரத்தில் 1.3 ஆனாலே பாதை சரி. பலருக்கு முழுவதும் பழைய எண்ணுக்கு வராமல் சற்று மேலேயே நின்றுவிடும், செத்த குழல்களில் ஒரு பங்கு தழும்பாகிவிடுவதால். டயாலிசிஸ் வரை போவது அபூர்வம். உடலில் ஏறிய மருந்தை டயாலிசிஸ் செய்து எடுத்துவிடலாம் என்றும் நினைக்கவேண்டாம். சில மணி நேரத்திலேயே அதில் பத்தில் ஒன்பது பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, வடிகட்டியில் வராது. சிறுநீர் அரை லிட்டருக்குக் கீழே குறைந்தால், மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால், பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினினும் மெக்னீசியமும் பாருங்கள். காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், 200 மி.கி. நெருங்கும்போது உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் போகும். மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் 'சிஸ்பிளாட்டின், சதுர மீட்டருக்கு 160 மி.கி., கிரியேட்டினின் 1.6 வரை ஏறியது' என்று பெரிதாக எழுதிவையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் ஒரு காண்ட்ராஸ்ட் சிடிக்கோ மூட்டுவலி மாத்திரைக்கோ எழுதும்போது அந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்.